லைஃப் ஜாக்கெட்டில் ஒரு கையெழுத்து

ஸோயாவின் கம்பெனியில் எல்லோரும் ராமேஸ்வரத்துக் கடலுக்குக் கயாக் படகு ஓட்டப் போகிறார்கள். வழிகாட்டி மணிகண்டன் முன்கூட்டியே ஓசூருக்கு வந்து, குடும்பத்தாரையும் கூப்பிட்டு வைத்து, சாமான்களைக் கடை பரப்பியிருந்தார். ஸோயாவின் கணவர் அப்பாஸுக்கு மட்டும் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

"விசில் இருக்குதா?"

"ஆளுக்கு ஒண்ணு இருக்குதுங்க."

"இழுவைக் கயிறு? வாக்கி டாக்கி?"

"இருக்குதுங்க. உபரித் துடுப்பும் இருக்குது. காத்து பலமா அடிச்சா படகையே இறக்க மாட்டோம்."

"இந்த லைஃப் ஜாக்கெட்டு மிதக்குமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஸோயா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மானத்த வாங்காதீங்க. கெலவரப்பள்ளி டேமைப் பார்த்தாலே இவருக்கு வேர்க்குங்க."

மணிகண்டன் ஜாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். "பயப்படாதீங்க பாய். புத்தம் புதுசு, உங்க ஊர்லயே தைச்சது. ஒவ்வொண்ணையும் தண்ணியில போட்டுச் சோதிச்சு, ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கார் பாருங்க."

அப்பாஸ் பார்த்தார். தொழிற்சாலை வாசலில் சரக்கு ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்ற ஒரு சனிக்கிழமை, டீ ஆறுவதற்குள் நானூறு ஜாக்கெட்டில் கிறுக்கிய கையெழுத்து அது. சோதனைத் தொட்டியில் அன்றைக்குத் தண்ணீரே இல்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஸோயா இதைத்தான் மாட்டிக்கொண்டு கடலில் இறங்குவாள்.

எழுந்து நின்றார். "அந்த அதிகாரியை எனக்குத் தெரியுங்க. ஒண்ணையும் சோதிக்காம கையெழுத்துப் போட்டவன். அவனை நம்பி என் பொண்டாட்டிய அனுப்ப மாட்டேன்."

"யாருங்க அந்த வெக்கங்கெட்டவன்?" என்று சீறினாள் ஸோயா.

"நீ கட்டிக்கிட்டவன்தான்."