கரி படியாத வட்டம்

துறைமுகத்துக் கரித்தூசி, ராயபுரத்து மளிகைக்கடையில் காலையிலிருந்து விரித்துக் கிடக்கும் சதுரங்கப் பலகைமேல் படிந்துகொண்டேயிருக்கிறது. கடைக்கார ஆசீர்வாதத்துக்கும் கப்பல் கூலி கோதண்டத்துக்கும் மிஞ்சியிருப்பது ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு யானை. "சமந்தாம்வே," என்கிறார் ஆசீர்வாதம். "ஆமா அண்ணாச்சி, சமமாத்தான் கீது," என்கிற கோதண்டத்துக்குத் தலை நிமிரவில்லை. சற்று முன்பு அவர் பருப்பு நிறுக்கத் திரும்பியபோது, வெட்டுப்பட இருந்த தன் யானையை அவசரத்தில் கோணலாகப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிவைத்தவன் அவன்தான். யானை நேராக மட்டுமே போகும். காலையிலிருந்து அது நின்ற இடத்தில், கரி படியாத வட்டம் ஒன்று வெள்ளையாகப் பல்லிளிக்கிறது. வெளியே ரங்கூன் கப்பல் ஊதி ஓய்கிறது. வட்டத்தையே பார்த்திருந்த ஆசீர்வாதம் தோள்துண்டை எடுக்கிறார். "ஒரே கரி," என்று சொல்லிக்கொண்டே, கரியே இல்லாத அந்த இடத்தை மட்டும் அழுத்தித் துடைக்கிறார்.