பின்சீட்டுச் சத்தம்

"சத்தம் எங்க வருது சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"பின்னாடி, இடது பக்கம். பள்ளத்துல இறங்கினா கீச்சுன்னு கத்தும்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. முட்டிவலின்னு காலை நீட்டிப் பின்சீட்டுலதான் உக்காருவா" என்றார் வண்டியைக் கொண்டுவந்த பெரியவர்.

"நீங்க கேட்டதில்லையா?"

"ஒரு நாளும் இல்ல. அவ கூட வந்தா ரேடியோவைச் சத்தமா வெச்சிருப்பேன்."

ஐம்பது வருடப் பழைய கார். மெக்கானிக் தெருமுனை வரை தனியாக ஓட்டிவிட்டுத் திரும்பினார். சத்தமே இல்லை.

"நானும் இப்படித்தான் தம்பி. அவளை வீட்டுல இறக்கிவிட்டுட்டுத் தனியா ஓட்டிப் பாப்பேன். 'எல்லாம் உன் பிரமை'ன்னு அடிச்சுச் சொல்லிடுவேன்."

"அங்கதான் சார் கோட்டை விட்டீங்க!"

மெக்கானிக் பின்சீட்டின் இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். "இப்ப நீங்க ஓட்டுங்க."

முதல் பள்ளத்திலேயே கீச்சென்றது. பெரியவர் சட்டென்று கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

"பின் ஸ்பிரிங்ல இருக்கற ரப்பர் புஷ் தேஞ்சுபோச்சு சார். இந்த இடத்துல ஆள் உக்காந்து பாரம் ஏறினாத்தான் கத்தும். அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரி. ரெண்டு வருஷமா சொல்லியிருப்பாங்களா?"

"மூணு வருஷம்."

"அடப்பாவமே! முதல்ல வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேளுங்க," என்று சிரித்தார் மெக்கானிக்.

பெரியவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"யார்கிட்ட தம்பி கேக்கறது? போன மாசம் ஒரு வாரமா நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தா. அதையும் பிரமைன்னுதான் சொன்னேன்."