இருபதுக்கு மூன்று

ஆசிரியர் பயிற்சிச் சேர்க்கைக்கான நேர்காணலுக்கு எஸ்தர் உள்ளே வருவதற்கு முன்பே, அவள் பெயருக்கு நேராக இருபதுக்கு மூன்று என்று குழுத் தலைவர் மதிப்பெண் எழுதிவிட்டார். எழுத்துத் தேர்வில் அவள்தான் முதலிடம். ஆனால் இடங்கள் யாருக்கென்று முந்தின நாளே முடிவாகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த திலகமணி டீச்சர் அந்த மூன்றைப் பார்த்தபடியே, "பின்னம் எப்படிம்மா சொல்லிக்கொடுப்ப?" என்று கேட்டாள்.

எஸ்தர் கைக்குட்டையை மேசைமேல் விரித்து, இரண்டாக, நான்காக மடித்துக் காட்டினாள். சின்னப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

"சரியாச் செஞ்சேனா மேடம்?"

திலகமணி கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினாள். "ரொம்ப நல்லாச் செஞ்சம்மா."

எஸ்தர் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். தலைவர் மதிப்பெண் தாளை நகர்த்தினார். திலகமணி கையெழுத்துப் போட்டாள். வராந்தாவில் எஸ்தர் போனில் பேசுவது கேட்டது: "கிடைச்சிரும்மா. அந்த மேடமே சொன்னாங்க."