கரிச்சான் சொன்ன புதுச் செய்தி

விடிந்ததும் உச்சிக்கிளையில் உட்கார்ந்து காட்டுக்கே செய்தி சொல்வது கரிச்சான் குருவியின் வேலை. மான்களுக்குச் சொறி வந்தபோது அது, "கொடிய நோய்! மான்களைக் கிட்டே சேர்க்காதீர்கள்!" என்று அலறியது. அன்றே மற்ற விலங்குகள் மான்களைக் குளத்திலிருந்து விரட்டிவிட்டன.

வைத்தியம் பார்க்கும் கீரிக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் சண்டை போடாமல், "என்கூட வந்து நேரில் பாரேன்" என்று கரிச்சானைக் கூப்பிட்டது.

புதருக்குள் ஒரு புள்ளிமான் நாக்கு வறண்டு கிடந்தது. கீரி அதன் முதுகில் வேப்பிலையை அரைத்துப் பூசியது.

"இதிலேயே ஆறிடும். ஆனா உன் செய்தியைக் கேட்டு எல்லா மானும் ஒளிஞ்சுக்குது. யாருக்குன்னு வைத்தியம் பார்ப்பேன்?"

"பயமுறுத்தினாத்தானே கேட்கிறாங்க" என்ற கரிச்சான், மானின் கண்களைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தியது. "சரி, எப்படிச் சொல்லணும்னு சொல்லு."

இருட்டும்வரை இரண்டும் பேசிப் பேசிச் செய்தியைத் தயார் செய்தன.

மறுநாள் கரிச்சான் உற்சாகமாகக் கூவியது: "இது வெறும் சொறி! உரசிப் படுத்தால்தான் ஒட்டும், சேர்ந்து தண்ணீர் குடித்தால் ஒட்டாது! வேப்பிலையில் குணமாகும், கீரியிடம் வாருங்கள்!"

புதர்கள் சலசலத்தன. மான்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. கீரிக்குக் கை போதவில்லை. குரங்குகள் ஓடிவந்து வேப்பிலை பறித்துப் போட்டன.

சில நாளில் அந்தப் புள்ளிமான் துள்ளிக்கொண்டு மரத்தடிக்கு வந்தது.

"நீ குணமானதைச் சொல்லப் போறேன். பேரைச் சொல்லலாமா?" என்று தயங்கியது கரிச்சான்.

"மின்னின்னு சொல்லு! மலைக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி சத்தமாச் சொல்லு!"