முன்வரிசை ஆட்டம்

"ஏலே, உக்காருலே!"

அதட்டினேன். அந்த ஆள் கேக்கவே இல்லை. முன்வரிசையில எந்திரிச்சு நின்னு, கையை வீசி, இடுப்பை வெட்டி ஆடுதான்! வயசு ஐம்பது இருக்கும். துறைமுகத்துல மூட்டை தூக்குத லிங்கராஜ். மினுங்குத பட்டை வச்ச ஷிப்ட் ஜாக்கெட்டை அதுவரைக்கும் மடியில வச்சிருந்தவன், திடீர்னு மாட்டிக்கிட்டு ஆரம்பிச்சுட்டான்.

எனக்கு வந்துதே கோவம்!

மேடையில ஆடுதது எங்க முத்துச்செல்வி. அவ உடம்புல ஒட்டியிருக்க மினுங்குத டேப்பைக் கேமரா பாக்கும். அவ ஆடுத மாதிரியே பின்னால பெரிய திரையில மீன்கூட்டத்தைக் கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கும். மூணு வருச உழைப்பு. சிங்கப்பூர் விழாவுக்கு ஆள் எடுக்க வந்தவங்க அங்கனயே உக்காந்திருக்காங்க. இன்னைக்கு விட்டா அவளுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது.

கேமரா முன்வரிசை வரைக்கும் பாக்கும். இவன் ஜாக்கெட்டு மினுங்குனா எல்லாம் குழம்பிருமே!

கூட்டத்தைப் பாத்துக்கிடுத பொறுப்பு எனக்கு. திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அவன்கிட்ட போனேன்.

"குடிச்சிருக்கியாலே? ஒரு பொம்பளப்புள்ள முன்னுக்கு வந்தா பொறுக்காதே உங்களுக்கு!"

"ரெண்டே நிமிஷம் அண்ணாச்சி... விட்டுருங்க..."

மூச்சு வாங்குது. ஆட்டத்தை மட்டும் நிறுத்தலை.

ஜனம் வேற கைதட்டுது, விசிலடிக்குது. இவன் கூத்தைத்தான் ரசிக்குதாங்கன்னு எனக்கு இன்னும் எரிச்சல். ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போயி வாசலுக்கு வெளியே தள்ளினேன்.

கைதட்டல் பட்டுன்னு நின்னுச்சு.

திரும்பிப் பாத்தேன். மேடையில முத்துச்செல்வி சுத்திச் சுத்தி ஆடுதா. திரையில ஒரு மீன்கூட அசையலை.

"வேர்வையில புள்ளயோட டேப்பெல்லாம் உரிஞ்சு விழுந்துட்டு அண்ணாச்சி," லிங்கராஜ் சொன்னாரு. "மீன் அப்படியே நின்னுட்டு. என் ஜாக்கெட்டையாவது கேமரா பாக்கட்டுமேன்னுதான் ஆடினேன்."

"அவ ஆட்டம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு மாசமா எங்க குடோன்லதான பழகுனா? டீ குடிக்கயில நாங்களும் ஆடிப் பாப்போம்."

வெக்கப்பட்டுச் சிரிச்சாரு. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கிடலாம் போல இருந்துச்சு. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே ஓடினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"வழி விடுங்க, வழி விடுங்க! டான்ஸர் வாராரு!"