தோஷமில்லாத ஜாதகம்

முன்னறையில் அண்ணன் ஜாதகம் பார்க்கிறார். திரைக்குப் பின்னால் தம்பி மந்திரிக்கிறார். முன்னால் தோஷம் பிறந்தால்தான் பின்னால் வியாபாரம். இன்று அண்ணனுக்கு என்ன புத்தி வந்ததோ, காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு வந்த தையல்காரியிடம், “தோஷமெல்லாம் ஒண்ணுமில்லம்மா, டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு” என்கிறார். அவள் எழுந்து வாசலில் ஒரு கால் வைத்ததுமே திரை கிழிகிறது. தம்பி, அண்ணனின் தலைமயிரைப் பிடித்து மேஜையில் மோதுகிறார். “அப்ப நான் உள்ள ஈ ஓட்டவா, அண்ணே?” மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மறுபடியும் மோதுகிறார். மூக்கு ரத்தம் குழந்தையின் ஜாதகக் கட்டங்களில் சொட்டுகிறது. மூக்குக்கண்ணாடி பறந்துவந்து, அடுத்த முறைக்குக் காத்திருந்து வேடிக்கை பார்க்கும் என் செருப்பில் முட்டி நிற்கிறது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு இப்போதுதான் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது போலும். “சனி இருக்கும்மா,” என்று முனகுகிறார் அண்ணன், “உள்ள போ.” வாசலில் வைத்த காலை எடுத்துக்கொண்டு, தையல்காரி திரும்புகிறாள்.