கடைசி இலக்கம்

நாளையிலிருந்து நாலு நாள் லீவு. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு, மேஜையைக் காலி செய்ய ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தார் ஆஸ்பத்திரியின் கோடிங் பிரிவுத் தலைவர்.

“ஏம்மா, இந்த ஃபைலுக்கு யாரு ஒண்ணு போட்டது?”

பக்கத்து மேஜைக்காரி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பத்து வருஷமாக நோய்களுக்கு எண் போடுகிறாள், இன்னும் இந்தக் குரலுக்குப் பழகவில்லை. “நான்தான் சார்.”

ப்ராஸ்டேட் வீக்கத்துக்கான எண்ணில் கடைசி இலக்கம் ஒன்று என்றால் சிறுநீர்த் தொந்தரவு உண்டு, பூஜ்யம் என்றால் இல்லை. ஒன்று இருந்தால்தான் காப்பீட்டுக் கம்பெனி ஆபரேஷனுக்குத் தலையாட்டும். நாளைக்கு மட்டும் அப்படி ஒன்பது ஃபைல். எதிலும் பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான்.

“நோயாளி கைப்பட டிக் அடிச்சதைப் பாரு. ராத்திரி எழுந்திருக்கறதா? இல்லை. முக்கறதா? இல்லை. எரிச்சலா? இல்லை. அப்புறம் என்ன தொந்தரவு?”

“எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான் சார் போடறாங்க. ராத்திரி ஆறு தடவை எழுந்திருக்கார்னு அவர் மனைவி தனியா வந்து சொன்னதா டாக்டர் எழுதியிருக்காரே.”

“பொண்டாட்டி ஆயிரம் சொல்லுவா. ப்ராஸ்டேட் அவளுக்கா இருக்கு?”

அறையே கொல்லென்று சிரித்தது. அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. யாரோ ஒருத்தர் தூக்கமில்லாமல் தவிக்கிறாரே என்று மனசு கேட்காமல் டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் மூச்சிரைக்க வந்தார். ஃபைல் நம்பரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“சார், நாளைக்கு விட்டா அடுத்த தேதி மூணு மாசம் கழிச்சுதான். மனுஷன் தாங்க மாட்டார்.”

“தாங்க முடியாதவன் அதை ஃபாரத்துல போட்டிருக்கணும்.”

“வெக்கப்பட்டிருப்பார் சார். கொஞ்சம் வெளிய வாங்களேன், தனியா ஒரு விஷயம்...”

“சிபாரிசா? அந்தப் பருப்பெல்லாம் என்கிட்ட வேகாது. எதுவா இருந்தாலும் நாலு பேர் முன்னால சொல்லுங்க.”

டாக்டர் அந்த நாலு பேரையும் பார்த்தார். “நோயாளி விஷயம் சார். அப்படிச் சொல்லக் கூடாது.”

“அப்ப விடுங்க. பொய் எழுதறவனுக்கெல்லாம் ஒண்ணு போட்டுக் குடுக்க நான் ஆள் இல்ல.”

ஒன்றைப் பூஜ்யமாக்கி அனுப்பினார். இரண்டே நிமிஷத்தில் ‘அனுமதி இல்லை’ என்று பதில் வந்தது. பாவி, ஒரு மனுஷன் வாயில் மண்ணைப் போட்டாரே என்று அவள் பல்லைக் கடித்தாள்.

தலைவர் வெற்றிக் களிப்போடு நாற்காலியில் சாய்ந்தார். “என்ன பாக்கறீங்க டாக்டர்? ஆபரேஷன் கேன்சல்னு அந்த ஆளுக்கு இப்பவே சொல்லிடுங்க. இங்கேயே, எங்க எல்லார் முன்னாலயும்.”

டாக்டர் போனை எடுக்கவில்லை.

“நாளைக்குக் காலையில நீங்க வெறும் வயித்தோட வர வேண்டாம், சார்.”